ஐந்தாவது ஏன்

ஆர்மோனியம் வாங்கத்தான் மலாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுங்கை ஊடாங்குக்குப் போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் அது நேர்முகத் தேர்வு என்று தெரிந்தது.

“கோயில் எங்க?”

“பாச்சாங்லண்ணே. சின்னக் கோயில். வெள்ளிக்கெழம பஜனை நடக்கும்.”

“பெட்டி எங்க வெப்பீங்க?”

“சாமிக்குப் பக்கத்துலதான்.”

“சாமிக்கு என்னா, கல்லு. எல்லாத்தையும் தாங்கும். பெட்டி மரம். கற்பூரம் எத்தினி அடி தள்ளி ஏத்துவீங்க?”

நான் வாழ்க்கையில் கற்பூரத்தை அளந்ததில்லை. தோராயமாக ஒரு தூரத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை.

“வாசிக்கிறது யாரு?”

“நான்தான்.”

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். எனக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நகத்தைப் பார்த்தார். மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். உள்ளங்கையைத் தன் கட்டைவிரலால் அழுத்தித் தடவி, “வேர்க்குற கை,” என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “பாவம், விடுங்களேன்,” என்றார். “பரவால்ல, பக்கத்துல துணி வெச்சிக்குங்க,” என்று நிபந்தனையோடு என்னைத் தேர்ச்சி பெற வைத்தார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டிக்காரர் என்றால் போதும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் ஒழுகக் கூடாது என்பதற்காகவே வயதையெல்லாம் செலவழித்த மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு பஜனைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த ஆர்மோனியம் துருத்தியை அமுக்க அமுக்க நாலு பக்கமும் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆலையில் ஒழுகினால் சைரன் ஊதுவார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். அவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து பிரித்தவர்தான், அப்புறம் தானே செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கால் மரம். படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் போடுகிற மரம். அதில் ஆர்மோனியம் செய்யலாம் என்று அவருக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது தூக்கிப் பார்த்தால் தெரியும். ஆணியே கிடையாது, எல்லாம் துருப்பிடிக்காத எஃகுத் திருகு. மூடியின் மூலையில் சின்ன அலுமினியத் தகட்டில் நம்பர் அடித்திருக்கும். ரீடு மட்டும் இந்தியாவிலிருந்து வரும், வருவதில் பாதியைப் பிடிக்காமல் ஒதுக்கிவிடுவார். பெட்டி முடிந்ததும் துருத்தி நிறையக் காற்றை அடைத்து, அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போய்விடுவார். கை கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது செங்கல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பெட்டி மறுபடி பிரிக்கப்படும். சாப்பாட்டில் மோர் வரைக்கும் போகிற மனிதர், அவசரமாகச் சாப்பிட்டு ஏமாற்றுகிற ஆளும் இல்லை.

எங்கள் கோயிலுக்கு வந்த பெட்டியை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இறக்கி வைத்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்று காட்டினார். யாரும் ஏறி நிற்கச் சொல்லவில்லை. யாராவது பின்னால் கேட்டுவிடுவார்களோ என்று முன்கூட்டியே நின்றுவிட்டார்.

இனி என் தொழில். அதைச் சொல்லாமல் இந்த மனிதரின் பெருமையை விளக்க முடியாது. துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற நிறுவனம் ஒன்றின் மலாக்கா கிளையில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கிற மேலாளர் நான். கேட்கிற மேலாளர்தான், தீர்க்கிற மேலாளர் என்று எங்கள் நிறுவனத்தில் ஒரு பதவி இல்லை. “ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்ற வாக்கியத்தை மலாய், ஆங்கிலம், தமிழ், கொஞ்சம் சீனத்திலும் சொல்வேன். ஏற்படுத்தியது யார் என்று அந்த வாக்கியத்தில் இருக்காது. இருந்துவிட்டால் என் சாப்பாடு போய்விடும். என்னிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள் மனம் குளிர்ந்து போவார்கள். வீட்டுக்குப் போய் வாளியில் துணி துவைப்பார்கள். இதற்காக எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம்கூடத் தந்திருக்கிறார்கள்.

பெட்டிக்காரர் இதற்கு நேர் எதிர். பெட்டியில் பிரச்சினை என்று போன் செய்தால் உடனே எடுப்பார். இசை போட்டுக் காக்க வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, “நீங்க என்னா பண்ணீங்க?” திட்டிக்கொண்டே வண்டியை எடுப்பார், திட்டி முடிக்கிற நேரத்தில் நம் வாசலில் நிற்பார். காசு வாங்காமல் சரி செய்து கொடுப்பார். ஆனால் பெட்டியில் குறை என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரைப் பொறுத்தவரை பெட்டி பழுதாவதில்லை. பழுதான மனிதர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள்.

இதை நிரூபிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆலையில் கற்றது. எது கெட்டாலும் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டுமாம். ஐந்தாவது ஏனில் மூல காரணம் வந்து நிற்குமாம். மஸ்ஜித் தானா ஊரிலிருந்து ஒருவர், கீ ஒன்று அமுங்கவில்லை என்று பெட்டியைக் கொண்டு வந்திருந்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

“கீ அமுங்கல. ஏன்?” என்று மூடியைத் திறந்தார். தானே பதிலும் சொன்னார். “உள்ள லட்டுத் தூளு. ஏன்?”

“வாசிக்கும்போது ஒரு துண்டு வாயில போட்டேண்ணே.”

“ஏன்?”

“பசி.”

“பஜனைக்குப் பசியோட ஏன் வந்தீங்க?”

“வீட்ல சாப்புடல.”

“ஏன்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். “வீட்ல கொஞ்சம் சண்டைண்ணே,” என்றார் மெல்ல.

“அப்ப போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அதுக்குள்ள நான் கீயத் தொடச்சி வெக்கிறேன்.”

அந்த மனிதர் போய்க் கேட்டார் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு தடவை இந்த விசாரணை நடந்தது. துருத்தி சரியாகத் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது ஏன் என் தொப்பையில் வந்து நின்றது. அதற்கு மேல் நான் புகார் சொல்லவில்லை.

“இத்தன வருஷக் குடும்பம் தம்பி,” என்று அவர் மனைவி ஒரு நாள் தேநீர் கொண்டு வந்தபோது சொன்னார். “ஒரு நாளு தப்புன்னு சொன்னதில்ல. சாம்பாரு காரமா இருக்குன்னு சொல்ல மாட்டாரு. ‘மொளகா ஏன் கூடுச்சி’ன்னு ஆரம்பிப்பாரு. அஞ்சாவதுல எங்க அம்மாகிட்டப் போயி நிப்பாரு.”

“அம்மாகிட்டத்தான நிக்கிது,” என்றார் அவர், திருகைத் திருகிக்கொண்டே.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் டீச்சரின் விஷயம் போய்ச் சேர்ந்தது.

டீச்சர் எங்கள் பஜனையில் முதல் குரல். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலாக்கா பட்டணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்று, அந்த ஓய்வுக்கே வயதாகிவிட்டது. கணவர் இல்லை. மகன் ஆஸ்திரேலியாவில். வெள்ளிக்கிழமை மாலை ஒன்றுதான் அவர் சேலை கட்டி வெளியே வருகிற நாள். நவராத்திரி ஒன்பது நாளும் முதல் பாட்டு அவருடையது. நான் அந்தக் கோயிலுக்கு வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அவர் சுருதி ஐந்து கட்டை. நான் மறந்துவிடக் கூடாது என்று அந்தக் கீயின் மேல் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார். எனக்கும் அந்தப் பொட்டிலிருந்து மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஐம்பதுக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டவன். பொட்டை நகர்த்தினால் என் விரல்களுக்கு ஊரே தெரியாமல் போய்விடும். டோலக் வாசிக்கிறவர் எந்தச் சுருதியிலும் சேராதவர், அவரால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மேல் ஸ்தாயிக்குப் போன டீச்சரின் குரல் பாதி வழியில் உடைந்தது. இருமிவிட்டு மறுபடி போனார். மறுபடி உடைந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் குனிந்து தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். டீச்சர் பாட்டை நிறுத்தி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பெட்டியைப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பெட்டி மேல ஏறிப் போச்சுது.”

“டீச்சர்?”

“சுருதி கூடிப் போச்சு எண்டு சொல்லுறன். இது நான் பாடுற அஞ்சு இல்ல. செய்த ஆளைக் கூப்பிட்டு வடிவாப் பாக்கச் சொல்லும்.”

பஜனை முடிந்ததும் கோயில் தலைவர் என்னைச் செருப்பு வைக்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். தலைவருக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தொழில்.

“பாருங்க சார். நவராத்திரி வருது. பெட்டி ரோசாக்னா ரிப்பேர் பண்ணிக்கலாம், பிரச்சினை இல்ல. ஆனா பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு அந்தாளு சொல்லிட்டாருன்னா, டீச்சருக்கு வயசாச்சி லா. மொத நாளே பொன்னாடை போத்தி மரியாதையா ஒக்கார வெச்சிடுவோம். எங்கிட்ட பென்டிரைவ்ல பாட்டு இருக்கு. ஒம்போது நாளும் ஓடும்.”

ஒருவரைக் காயமில்லாமல் மேடையிலிருந்து இறக்க நம்மவர்கள் கண்டுபிடித்த கருவிகளில் பொன்னாடை மிகச் சிறந்தது. போர்த்திவிட்டால் கையை அசைக்க முடியாது. தலைவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. ஆனால் டீச்சர் இனிப் பாடுவாரா மாட்டாரா என்பது, தன் பெட்டியில் குறை என்று வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத ஒரு வாயில் போய்த் தொங்கியது. எனக்கு அந்த வாயைத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டிக்காரர் வந்தார். எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் முறுக்குத் தட்டை நகர்த்தச் சொன்னார். போனில் சுருதி காட்டுகிற ஊசியைத் திறந்து பெட்டி மேல் வைத்தார்.

“பொட்டு வெச்ச கீய அமுக்குங்க பாஸ்.”

அமுக்கினேன். ஊசி ஐந்தில் போய் நட்ட நடுவில் நின்றது. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை வந்தது.

“டீச்சர், பெட்டி இல்லாம ஒரு வரி பாடுங்க.”

டீச்சர் கண்ணை மூடிப் பாடினார். துணைக்கு ஒன்றும் இல்லாமல் தனியாக வந்த அந்தக் குரல் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. மேலே போனது, நின்றது, இறங்கியது. ஊசி நாலு கட்டையில் நின்றது. ஒரு முழுக் கட்டை கீழே. அவர் பார்த்தார். நான் பார்த்தேன். டீச்சர் கண் திறந்து, கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“என்னாண்ணே, பெட்டி ஓக்கேவா?” என்றார் தலைவர்.

பெட்டிக்காரர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். ‘பெட்டி ஓக்கே, ஆளுதான்.’ மஸ்ஜித் தானா ஆளிடம் சொன்னது, என்னிடம் சொன்னது, தன் மாமியாரைப் பற்றிக்கூடச் சொன்னது. திறந்த வாயை மூடிக்கொண்டு, போனை எடுத்துப் பைக்குள் போட்டார்.

“கொண்டு போயித்தான் பாக்கணும்,” என்றார்.

பெட்டியை இறக்க ஆள் வேண்டும் என்று நானும் அவர் வண்டியில் போனேன். செங் சிக்னல் விளக்கைத் தாண்டினோம். அப்புறம் ஆரம்பித்தார்.

“என் பெட்டி கரெக்ட்டு பாஸ்.”

“தெரியும்ணே.”

“ஊசி பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“அப்ப நான் எதுக்கு இத ஏத்திக்கிட்டு வர்றேன்?”

என் தொழிலில் இந்த மாதிரிக் கேள்விக்கு, உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் என்று சொல்வோம். நான் ஜன்னல் வழியாக எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பட்டறையில் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தார். “டீச்சருக்கு மேல எட்டல. ஏன்? வயசு. வயசு ஏன்?” என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார். அது இரண்டாவது ஏன்தான். இத்தனை வருஷ முறை, ஒரு கிழவியின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அவங்க பாடலன்னா என்னா செய்வாங்க தம்பி?”

“வீட்லதான் இருப்பாங்கண்ணி. டிவியோட பேசிக்கிட்டு.”

அவர் பெட்டியின் முதுகை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

“எங்க பிளான்ட்ல பழைய டேங்க் இருக்கும் பாஸ். செக் பண்ணா செவுரு மெலிஞ்சிருக்கும். அதுக்காக வெட்டித் தூக்கிப் போட மாட்டாங்க. உள்ள போற பிரஷரக் கொறச்சி ஓட்டுவாங்க. அப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடும். நாங்களே ஓட்டியிருக்கோம்.”

“அப்ப டீச்சர நாலுல பாடச் சொல்லிடலாமாண்ணே?”

“நீங்க நாலுல வாசிப்பீங்களா?”

“தெரியாது.”

“கத்துக்கிட்டா, அவங்க ஒங்க வெரலப் பாப்பாங்களா?”

“அதத் தவிர வேற எங்கயும் பாக்க மாட்டாங்க.”

“வெரலு எறங்குனா?”

“அன்னிக்கோட பாட்ட விட்டுடுவாங்க.”

“அப்ப பெட்டிக்குள்ளதான் எறக்கணும்,” என்றார். சொல்லிவிட்டு, யாரோ தன்னைக் கெட்ட வார்த்தையால் திட்டியது போல முகத்தைச் சுளித்தார்.

அதை அவர் எப்படிச் செய்தார் என்பது இதுதான். ஒவ்வொரு கீக்கும் அடியில் அதன் ரீடு உட்கார்ந்திருக்கும். அத்தனையையும் கழற்றி, நடுவில் வரும் கறுப்புக் கீயையும் கணக்கில் சேர்த்து, இரண்டு இடம் வலது பக்கம் தள்ளி உட்கார வைத்தார். பஸ்ஸில் ஒரு ஆளுக்கு இடம் விட வரிசையே கொஞ்சம் நகர்ந்து உட்காருமே, அது மாதிரி. இடது ஓரத்தில் காலியான இடத்துக்குப் புதிதாகக் கனத்த ரீடு போட்டார். வலது ஓரத்தில் இடமில்லாமல் போனவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “ஒரு தப்பும் செய்யாத பிள்ளைங்க,” என்றார். முடிந்த பிறகு பொட்டு அதே இடத்தில் இருந்தது. அமுக்கினால் நாலு கட்டை பேசியது.

நான் மாலையில் வேலை விட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு திருகுக்கு ஒரு முனகல் என்று போய்க்கொண்டிருந்தது. “இது வேல இல்ல பாஸ். பொய்ச் சாட்சி.”

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பெட்டியில்தான் கோளாறு என்று கோயிலில் யாராவது சொல்ல வேண்டும்.

“அத நீங்க சொல்லிடுங்க பாஸ். ஒங்களுக்கு அதான தொழிலு.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு வாக்கியம் அமைத்தேன். ‘பெட்டியில் ஏற்பட்டிருக்கக்கூடிய சுருதி மாறுபாட்டினால் உண்டான சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அவர் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

“இதுல தப்பு யாரோடது?”

“யாரோடதும் இல்லண்ணே. அதான் இதோட அழகு.”

“டீச்சரோடது இல்லன்னு இதுல இருக்கா?”

பார்த்தேன். இல்லை. என் வாக்கியத்தில் டீச்சரும் இல்லை, அவரும் இல்லை, நானும் இல்லை. காற்று மட்டும் இருந்தது.

“செங்கல்லு வெச்சா எறங்கிடும் பாஸ் இது,” என்றார்.

“நீங்களே சொல்லுங்களேன்,” என்றார் அவர் மனைவி. “ஒரு தடவ சொன்னா வாயி வெந்துடாது.”

“எப்படிச் சொல்றது?” உண்மையாகவே கேட்டார். தெரியாத ஒரு கருவியைப் பற்றி விசாரிக்கிற குரல்.

“‘என் தப்பு’ன்னு சொல்லணும். நான் தெனம் சொல்றேன், பாத்ததில்லயா?”

அவர் துளை போடுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, “என்,” என்றார். தொண்டையைச் செருமினார். “என் பெட்டி,” என்றார். அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நவராத்திரி முதல் நாள். கோயிலில் நிற்க இடமில்லை. மடித்த பொன்னாடை தட்டில் தயாராக இருந்தது. தலைவர் சட்டைப் பையில் பென்டிரைவ். டீச்சர் பட்டுச் சேலையில், தன் வழக்கமான இடத்தில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினேன். ஆலைக்குப் போகிறவர் மாதிரி முழுக்கைச் சட்டை போட்டு எல்லாப் பொத்தானும் மாட்டியிருந்தார்.

“பெட்டில கோளாறு,” என்றார். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். மறுபடி வந்தார். “ரீடு தப்பான எடத்துல இருந்துச்சி. நான்தான் போட்டேன். என் தப்பு. டீச்சர் சொன்னதுதான் கரெக்ட்டு.”

“வாங்குன நாள்லேருந்தே தப்பாவா ஓடுச்சிண்ணே?” என்றார் தலைவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஆமா.”

“அப்ப நீங்க செக் பண்ணலையா?”

கழுத்து நரம்பு எழுந்து நின்றது. செங்கல்லை வைத்துவிட்டு மோர் வரைக்கும் சாப்பிடுகிற மனிதர். “பண்ணல,” என்றார்.

நான் பொட்டில் விரலை வைத்தேன். டீச்சர் என் விரலைப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பாடினார். போன மாதம் உடைந்த அதே இடத்துக்குக் குரல் போயிற்று, அங்கே உட்கார்ந்து கொஞ்சம் கால் ஆட்டிவிட்டு, இறங்க மனமில்லாமல் இறங்கியது. பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைவர் அதைக் குருக்களுக்குப் போர்த்திவிட்டார்.

பெட்டிக்காரரின் கஷ்டம் மறுநாள் காலையில் ஆரம்பித்தது. ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் போன் வந்தது. “அண்ணே, ஒங்க பெட்டியில நீங்களே தப்புப் பண்ணீங்கன்னு சொன்னீங்களாமே. எங்கதயும் கொஞ்சம் பாருங்களேன்.” தேன் ஊற்றிய பெட்டி வந்தது. எலி கடித்த பெட்டி வந்தது. ஒரு பெட்டியின் மேல் யாரோ மீன் தொட்டி வைத்திருந்திருக்கிறார்கள். ‘நீங்க என்னா பண்ணீங்க’ என்று கேட்கிற உரிமை அவருக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தார். மஸ்ஜித் தானா மனிதர் நேரிலேயே வந்தார்.

“என் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்களே, அதுவும் தப்புதானாண்ணே?”

“அது கரெக்ட்டு லா,” என்று கத்தினார். அது ஒன்றையாவது அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை.

நவராத்திரி முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வர ஆரம்பித்தார். திருகு தளர்ந்திருக்கிறதா பார்க்க வருகிறேன் என்பார். அவர் போட்ட திருகு தளர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. கடைசி வரிசையில், தூணோரம், டீச்சர் பாடி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை தம்பினிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். அவர்கள் கோயிலுக்குப் பெரிய பெட்டி செய்ய வேண்டுமாம். சுங்கை ஊடாங்கில் ஒருவர் நன்றாகச் செய்வார் என்று கேள்விப்பட்டு, ஓடுகிற பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நான் பெட்டிக்காரரைக் கைகாட்டினேன். அவர் எழுந்து வந்து, செங்கால் மரத்தைத் தட்டிக் காட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாள் நேராக டீச்சரிடம் போனார்.

“நீங்கதானே டீச்சர் பாடுறீங்க. பெட்டி எப்படி?”

டீச்சர் பாட்டுப் புத்தகங்களைப் பைக்குள் அடுக்குவதை நிறுத்தினார். பெட்டிக்காரர் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. வகுப்பில் மதிப்பெண் சொல்கிறவர் யாருக்காகவும் குரலைத் தாழ்த்துவதில்லை.

“ஆள் நல்லவர். வேலை அவ்வளவு திறம் எண்டு சொல்ல மாட்டன். சுருதியைப் பிழையாப் போட்டுத் தந்தவர். எனக்குக் காது இருந்தபடியால் பிடிபட்டது. வேற ஆக்களெண்டால் தங்கட குரலில்தான் பிழை எண்டு நினைச்சு, பாட்டையே விட்டிருப்பினம்.”

தம்பின்காரர் பெட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு இவர் ஏதாவது பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிற பார்வை. பெட்டிக்காரரின் காது நுனி சிவந்தது. மரத்தின் மேல் இருந்த கை இறுகி, பிறகு தளர்ந்தது.

“ஆமா டீச்சர்,” என்றார்.

“நாங்க வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றோம்ங்க,” என்றார் தம்பின்காரர். அந்த மாதிரி வாக்கியங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார்கள்.

டீச்சர் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற வழியில் பெட்டிக்காரர் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவர் போலப் புன்னகைத்தார்.

“பரவாயில்ல. இனிமேலாவது கவனமாச் செய்யும்.”

“சரிங்க டீச்சர்,” என்றார் அவர்.